அடுத்தவர் வீட்டில் வேலை... பையில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? சட்டம் சொல்வது என்ன?

காலை ஏழு மணிக்கு மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா ரோட்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். சமையல் வேலைக்குப் போகும் அக்கா, பாத்திரம் தேய்க்க மூணு வீடு முடித்துவிட்டு நாலாவது வீட்டுக்கு ஓடுபவர், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஷிஃப்ட் மாறி வரும் ஹோம் நர்ஸ், முட்டி வலிக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட், பூணூல் மாற்றவோ தர்ப்பணம் பண்ணி வைக்கவோ டூவீலரில் பறக்கும் சாஸ்திரிகள் என்று வரிசையாகப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் ஏ.சி. மெக்கானிக், வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் பையன், ஆப்பில் புக் செய்த பியூட்டிஷியன். மாலையில் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லித்தரும் டியூஷன் டீச்சர்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் பொது. வேலை நடக்கும் இடம் அவர்களுடையது இல்லை. அடுத்தவர் வீடு, அடுத்தவர் கதவு, அடுத்தவர் தாழ்ப்பாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது பெல் அடித்து, கதவு திறந்த பிறகுதான் தெரியும்.

அமெரிக்காவில் இப்படி வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி ஓடும்: "இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு போகலாமா?" வீடு காட்டும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள், கிளீனிங் வேலை செய்பவர்கள், எலெக்ட்ரீஷியன்கள் எல்லாம் இதைப் பற்றித் தீவிரமாகப் பேசுகிறார்கள். அந்த ரீல்ஸ் நம்ம ஊர் போனிலும் வந்து விழுகிறது. "இங்கே அப்படி வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக ஒரு ஃபிளாட்டுக்குள் நுழைகிற பெண் அப்படிக் கேட்டால் சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயம் நிஜம்.

ஸோ, சட்டப்படி இது முடியுமா, முடிந்தாலும் உதவுமா, இல்லை என்றால் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் உரிமை, இந்தியாவில் அனுமதி

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகச் சொல்கிறது. 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நியூயார்க் தொடர்பான வழக்கில், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அந்த உரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் ஐ.டி. வேலையில் இருக்கும் டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் தனி பெர்மிட்கூட வேண்டாம். தகுதியுள்ள, 21 வயது நிறைந்த ஒருவர் மறைத்து வைத்து எடுத்துப் போகலாம்.

இந்தியாவில் கதை நேர் எதிர். நமது அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று எதுவும் கிடையாது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச ஜாமீன் வழக்கு ஒன்றில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் புழங்குவதைத் தானாகவே கையில் எடுத்தபோது, அமெரிக்காவோடு ஒப்பிட்டு இதைச் சுட்டிக்காட்டியது. இங்கே துப்பாக்கி என்பது அரசு தருகிற அனுமதி. தரலாம், மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 3-வது பிரிவு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. மீறினால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். 'குறைந்தபட்சம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். யாரையும் சுடவில்லை, எடுத்துக் காட்டக்கூட இல்லை, பையில் சும்மா கிடந்தது என்பது இந்தக் குற்றத்துக்குப் பதில் ஆகாது. பையில் கிடந்ததே குற்றம்தான். யாரோ தெரிந்தவர் மூலமாக 'சீப்பாக' ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைக்கிறது என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த ஆளிடம் இருந்தே தள்ளி நிற்பது நல்லது.

லைசென்ஸ் கேட்டால் கிடைக்குமா?

மேற்கு மாம்பலத்தில் குடியிருப்பவர் என்றால், லைசென்ஸ் தரும் அதிகாரி சென்னை பெருநகர காவல் ஆணையர். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால், லோக்கல் ஸ்டேஷனில் இருந்து உங்கள் முகவரி, பழைய வழக்குகள், நடத்தை எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை போகும். உடல்நல, மனநலச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்கான சான்று வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் ஒரு ஹோம் நர்ஸ் அதை எந்த அலமாரியில் பூட்டுவார் என்று யோசித்துப் பார்த்தால், இந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது புரியும்.

இதையெல்லாம் தாண்டினாலும் முக்கியமான கேள்வி ஒன்று நிற்கும்: "உங்களுக்கு ஏன் துப்பாக்கி?" 2016 ஆயுத விதிகள் இதற்குச் சில அளவுகோல் சொல்கின்றன. தீவிரவாத அச்சுறுத்தல் உள்ள பகுதியில் இருப்பவர், குறிவைக்கப்படும் நபர் என்ற வரிசையில், 'தொழில் அல்லது வேலையின் தன்மையால் உயிரையோ சொத்தையோ காத்துக்கொள்ள உண்மையான தேவை உள்ளவர்' என்ற வகையும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் வீடு வீடாகப் போகும் பியூட்டிஷியன்கூட இதில் வர முடியும். ஆனால் குறிப்பிட்ட அச்சுறுத்தல் என்ன, ஏற்கெனவே புகார் கொடுத்தீர்களா, வழக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். 'யார் வீடு என்று தெரியாமல் போகிறேன், பயமாக இருக்கிறது' என்ற பொதுவான பயத்துக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். அது உங்கள் உரிமை.

விலை? 2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை அரைக் கிலோ. பெண்களின் கைப்பையில் அடங்கும் என்று விளம்பரம். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்! யாருக்கு அது தேவைப்படும் என்று சொன்னார்களோ அவர்களில் எத்தனை பேரால் வாங்க முடியும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. ஒரு பெண்ணின் துயரத்தை நினைவூட்டும் பெயரை ரிவால்வருக்கு வைத்து விற்றது சரிதானா என்று பெண்ணுரிமை அமைப்புகளும் கேட்டன. நியாயமான கேள்வி.

லைசென்ஸ் இருக்கு... வேலைக்குக் கொண்டுபோகலாமா?

சரி, கஷ்டப்பட்டு லைசென்ஸும் வாங்கியாச்சு என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸில் 'வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும்' என்று இருந்தால் எடுத்துச் செல்லலாம்தான். பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறையில், வெளியே தெரியாதபடி மூடி, முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் மாதிரி இடங்களுக்குக் கொண்டுபோக லைசென்ஸ் நிபந்தனைகள் தடை போடுகின்றன. ஆக, அயோத்தியா மண்டபத்தில் கச்சேரி, காசி விஸ்வநாதர் கோயிலில் உற்சவம் என்று வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும் இந்த ஏரியாவில் வேலைக்குப் போகிறவர் ரூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். தேர்தல் அறிவித்துவிட்டால் இன்னும் சுத்தம். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவிப்பு வந்துவிடும்.

அடுத்தவர் வீட்டுக்குள் என்ற விஷயத்துக்கு வருவோம். அது தனியார் இடம். 'துப்பாக்கியோடு உள்ளே வராதே' என்று சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. சொல்லாமல் மறைத்துக் கொண்டுபோனால்? இங்கேதான் நடைமுறைச் சிக்கல் ஆரம்பிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் குனிந்து ஒருவரின் காலைத் தூக்கிப் பிடிக்கும்போது இடுப்பில் ரிவால்வர் இருக்க முடியாது. ஃபேஷியல் செய்பவரின் கை முழுக்க கிரீம். பிளம்பர் சிங்க்குக்கு அடியில் படுத்துக் கிடப்பார். அப்படியானால் துப்பாக்கி பையில் இருக்கும். பை ஹாலில் இருக்கும். ஹாலில் வீட்டுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். ஆபத்து வரும்போது துப்பாக்கி இருக்கும் பை உங்களுக்கு அருகில் இருக்காது, உங்களைத் தாக்குகிறவருக்கு அருகில் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் நகை காணவில்லை என்றால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். போலீஸ் வந்தால் முதலில் திறப்பது உங்கள் பையைத்தான். அதில் ஒரு துப்பாக்கி, அது லைசென்ஸ் உள்ளதாகவே இருந்தாலும், உங்கள் நிலைமையை எளிதாக்காது.

துப்பாக்கி சாதாரணமாகப் புழங்கும் அமெரிக்காவிலேயே இந்த விஷயத்தில் நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. ஊபர் 2015-லேயே டிரைவர், பயணி இருவருமே துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டுவிட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், ஆப்பின் விதியை மீறினால் கணக்கு முடக்கம்தான்.

பொம்மைத் துப்பாக்கி, கத்தி, பெப்பர் ஸ்பிரே?

நிஜத் துப்பாக்கி வேண்டாம், பார்த்தால் பயப்படுகிற மாதிரி ஒரு டம்மி போதுமே என்று தோன்றலாம். அதை நீட்டி யாரையாவது மிரட்டினால், குற்றமுறு மிரட்டல் வழக்கு உங்கள் மேல் வரும் வாய்ப்பு இருக்கிறது. எதிரில் இருப்பவர் அதை நிஜம் என்று நம்பி உங்களைத் தாக்கினால் உங்கள் கையில் இருப்பது பிளாஸ்டிக்.

கத்தி விஷயத்தில் ஆயுத விதிகள் ஒரு அளவு வைத்திருக்கின்றன: 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள பிளேடு ஆயுத வகைக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேராது. சமையல்காரர் கொண்டுவரும் காய் நறுக்கும் கத்தி, எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கருவிகள்தான். அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பெப்பர் ஸ்பிரே வேறு வகை. இந்தியாவில் துப்பாக்கி மாதிரி இதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. சில நாடுகளில் அப்படி இல்லை. பிரிட்டனில் சாதாரண மக்கள் பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சொத்துத் தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள், 'தற்காப்புக்காகத்தான் அடித்தோம், வழக்கை ரத்து செய்யுங்கள்' என்று கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெப்பர் ஸ்பிரேயும் ஆபத்தான ஆயுதமே, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை என்றது. அதாவது, சம்பளத் தகராறில் வாக்குவாதம் முற்றியதற்கு ஸ்பிரே அடித்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. கதவை மறித்துக்கொண்டு ஒருவர் உங்கள் மேல் கை வைக்கும்போது அடித்தால் நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: மூடிய ஏ.சி. ரூமில் ஸ்பிரே அடித்தால் அடித்தவருக்கும் கண் எரியும். அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது, வெளியே ஓட வேண்டும். அதனால் கதவு எங்கே என்பது ஸ்பிரேயைவிட முக்கியம்.

தற்காப்பு உரிமை எதுவரை?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிறைய பேருக்கு இது தெரியாது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய ஐ.பி.சி.யில் 96 முதல் 106 வரை இருந்ததுதான், எண் மட்டும் மாறியிருக்கிறது. இந்த உரிமை உங்கள் வீட்டுக்குள் மட்டும் என்று இல்லை. உங்கள் உடல் எங்கே இருக்கிறதோ அங்கே உங்களுக்கு இந்த உரிமை உண்டு. அடுத்தவர் வீட்டு பெட்ரூமாக இருந்தாலும்.

தாக்குதல் நடந்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியில் உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீங்கியதும் முடிகிறது. தப்பித்து லிஃப்ட் வரை வந்துவிட்டு, கோபத்தில் திரும்பிப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது.

38-வது பிரிவு (பழைய 100) தான் உச்சம். குறிப்பிட்ட சில சூழல்களில் தாக்குகிறவரின் உயிர் போனாலும் அது குற்றம் ஆகாது. உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை முயற்சி, கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவை அதில் உண்டு. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: வெளியே யாரிடமும் உதவி கேட்க முடியாதபடி அடைத்துவைக்கும் நோக்கத்தோடு நடக்கும் தாக்குதல். வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டி, போனைப் பிடுங்கிக்கொள்ளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டிப் பாலியல் வன்கொடுமைக்கு முயன்ற உறவினரை 19 வயதுப் பெண் ஒருவர், போராட்டத்தில் அவர் கத்தியாலேயே குத்தினார். அவர் இறந்துபோனார். அந்தப் பெண் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அப்போது எஸ்.பி.யாக இருந்த அரவிந்தன் தலைமையிலான மாவட்ட போலீஸ், தற்காப்பு என்று ஏற்று அவரை விடுவித்தது. அதற்கு முன் 2012-ல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கர்க் இதே 100-வது பிரிவைச் சொல்லி விடுவித்தார்.

இரண்டு சம்பவங்களிலும் அந்தப் பெண்கள் ஆயுதத்தோடு தயாராக வந்தவர்கள் இல்லை. ஒருவர் கையில் கிடைத்தது தாக்க வந்தவனின் கத்தி, இன்னொருவருக்கு வீட்டில் கிடந்த மட்டை. தற்காப்பு உரிமைக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எல்லா வழக்கிலும் போலீஸ் ஸ்டேஷனிலேயே விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். பல வழக்குகள் கோர்ட்டுக்குப் போகும், தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் இருக்கும்.

ஒரு டைரிக் குறிப்பும் ஒரு நாட்டின் பாடமும்

1986 ஜூலை 28. லண்டன் ஃபுல்ஹாமில் எஸ்டேட் ஏஜென்ட்டாக இருந்த சூசி லாம்ப்ளூ, ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போனார். வயது 25. ஆபீஸ் டைரியில் 'மிஸ்டர் கிப்பர்' என்று பெயரும் நேரமும் எழுதிவைத்திருந்தார். திரும்பி வரவில்லை. இன்றுவரை உடல் கிடைக்கவில்லை. அந்தப் பெயரில் வந்தவர் யார் என்பதும் உறுதியாகவில்லை.

அவருடைய பெற்றோர் மகள் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது எளிய விஷயம்: தனியாக வெளியே வேலைக்கு அனுப்புகிற நிறுவனம், அனுப்பும் முன் அங்கே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். போனவர் எங்கே, எப்போது திரும்புவார் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் தேட வேண்டும். 'தனியாக வேலை செய்வோர் பாதுகாப்பு' என்பது பிரிட்டனில் நிறுவனங்களின் கடமையாகப் பேசப்படுவதில் அந்த அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை நம்ம ஊரோடு பொருத்திப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குள் வீட்டு வேலைக்கு நுழைய வேண்டுமானால் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கேட்டில் பெயர், நம்பர், கையெழுத்து. சில இடத்தில் போட்டோ. ஆப் மூலம் வருபவரின் படம், ரேட்டிங், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் வாடிக்கையாளர் போனில் தெரியும். வருகிறவருக்கு வாடிக்கையாளர் பற்றி என்ன தெரியும்? ஒரு பெயர், மேப்பில் ஒரு புள்ளி. அந்தப் பெயரும் நிஜமா என்று தெரியாது. பெண் பெயரில் புக் செய்துவிட்டுக் கதவைத் திறப்பவர் வேறு ஆளாக இருந்தால் அந்த நிமிஷத்தில்தான் தெரியவரும். சந்தேகம் முழுக்க ஒரு பக்கமாகவே போகிறது. துப்பாக்கி பற்றிய கேள்வியே இந்த இடைவெளியில் இருந்துதான் பிறக்கிறது என்று தோன்றுகிறது.

அடுத்த சிக்கல் பணம். சரியில்லை என்று தோன்றினால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது எளிய அறிவுரை. ஆனால் கேன்சல் செய்தால் ரேட்டிங் இறங்கும், ரேட்டிங் இறங்கினால் வேலை குறையும், கணக்கே முடங்கலாம். 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகம் முன் அழகுக்கலைப் பணியாளர்களான பெண்கள் போராடினார்கள். கமிஷன், அபராதம், ரேட்டிங் எல்லாம் அதில் பேசப்பட்டன. இதெல்லாம் காசு விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அபராதம் பற்றிய பயம் இருக்கிறவர், தப்பாகத் தெரிகிற வீட்டுக்குள்ளும் காலை வைத்துவிடுவார்.

சட்டத்தில் இப்போது என்ன பிடிமானம் இருக்கு?

1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வீடு வீடாகப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சி 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். ஆபீஸ் பெண்களுக்கான சட்டம் என்று நாம் நினைக்கும் இதன் வேர், ஆபீஸே இல்லாத ஒரு பெண்ணின் வேலையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் 'பணியிடம்' என்பதற்குள் வீடும் வரும், வேலை நிமித்தம் போகும் எந்த இடமும் வரும். வீட்டு வேலை செய்யும் பெண், நேரடியாகவோ ஏஜென்சி மூலமோ, பகுதி நேரமோ முழு நேரமோ, புகார் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் இருப்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர் குழு உண்டு. வீட்டுப் பணியாளரின் புகாரில் முகாந்திரம் தெரிந்தால் அந்தக் குழு ஏழு நாளுக்குள் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். பெரிய ஏஜென்சி என்றால் அதற்குள்ளேயே புகார்க் குழு இருக்க வேண்டும்; பணியிடத்தில் எதிர்ப்படும் வெளியாட்களிடம் இருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று 19-வது பிரிவு சொல்கிறது.

ஆப் வழியாக வேலை செய்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனங்கள் அவர்களைப் 'பார்ட்னர்' என்கின்றன, 'ஊழியர்' என்று சொல்வதில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்பதை வரையறுக்கிறது, நலத் திட்டம் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்குத் தனி நல வாரியம் 2023 சுதந்திர தின உரையில் முதல்வரால் அறிவிக்கப்பட்டு அமைக்கப்பட்டது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏ.சி. ஓய்வறையும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிற பிரச்னைக்கு இவை பதில் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று குழு அமைத்துப் பார்க்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது.

ஆண்களையும் மறக்க வேண்டாம். 2013 சட்டம் பெண்களுக்கானது. அடி, மிரட்டல், அடைத்துவைத்தல், திருட்டுப் பழி என்று சிக்கும் மெக்கானிக்குக்கோ டெலிவரி பையனுக்கோ பொதுவான குற்றச் சட்டம்தான் வழி. ஒருவரை வெளியே விடாமல் அடைத்துவைப்பது பி.என்.எஸ். 127-வது பிரிவில் குற்றம். 'பொருள் கிடைக்கும்வரை நீ போகக் கூடாது' என்று வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் அதுவும் இதில் வரும்.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது...

பதிவு செய்த நபர்தான் வீட்டில் இருக்கிறாரா என்று படியேறும் முன் போனில் பேசிப் பாருங்கள். குரலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வீட்டு எண்ணையும் லைவ் லொக்கேஷனையும் ஒருவருக்கு அனுப்புங்கள். அனுப்பினால் மட்டும் போதாது, இத்தனை மணிக்கு நான் பேசவில்லை என்றால் நீ கூப்பிடு என்று சொல்லி வையுங்கள். 'அம்மா மாத்திரை போட்டாங்களா' மாதிரி ஒரு சங்கேத வாக்கியம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், எதிரில் ஆள் இருக்கும்போதே உதவி கேட்கலாம். உள்ளே போனதும் கதவுக்கு எத்தனை பூட்டு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வேலை செய்யும் இடத்தைக் கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் வாடிக்கையாளர் வராதபடி அமையுங்கள். போன் உடம்போடு இருக்கட்டும், பையில் வேண்டாம்.

அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப் 2022-ல் வந்தது. அதில் உள்ள அவசர பட்டனை அழுத்தினால் உங்கள் இருப்பிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால்தான் உதவும்.

புகார் கொடுக்க மேற்கு மாம்பலம்வாசிகள் அசோக் நகர், குமரன் நகர் ஸ்டேஷன்களுக்குப் போவார்கள். ஆனால் சம்பவம் எந்த ஏரியாவில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்யலாம். 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் துன்புறுத்தல் என்றால் உள்ளூர் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்க சட்டத்தில் உரிமை உண்டு. சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. ஆன்லைனில் மத்திய அரசின் 'ஷீ பாக்ஸ்' தளத்திலும் பதிவு செய்யலாம். புகாரில் தேதி, நேரம், கதவு எண், புக்கிங் ஸ்கிரீன்ஷாட் இவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஆப்பில் இருந்து உங்கள் கணக்கை முடக்கிவிட்டால் புக்கிங் விவரம் கைக்குக் கிடைக்காது, அதனால் ஸ்கிரீன்ஷாட் அன்றைக்கே எடுத்து வேறொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.